எம்எல்ஏ சம்பளமும் மில்லு வருமானமும்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்துறையில் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. மாதம் இருபதாம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய ஆள்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கணக்கு ஏறி முடியும்வரை பேச்சு ஓடும். எங்கே ஆரம்பித்தாலும் அரசியல்வாதியின் வருமானத்தில் வந்து நிற்கும். நான் கணக்குக்காரன் என்பதால் கேள்வியெல்லாம் என் பக்கம் திரும்பும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லாக் கட்சிக்காரர்களின் பில் புத்தகமும் என் மேஜைக்கு வந்து போயிருக்கிறது.

எம்எல்ஏவுக்கு நெசமா எவ்வளவுங்க சம்பளம்?

2017 ஜூலை முதல் மாதம் 1,05,000 ரூபாய். அதற்கு முன் 55,000. அறிவித்தவர் அப்போதைய முதல்வர், நம்ம எடப்பாடிக்காரர் பழனிசாமி. சட்ட மசோதா வந்தது 2018 ஜனவரியில். போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு பஸ்ஸை நிறுத்தியிருந்த மாதம் அது. பஸ் கட்டணம் ஏறியதும் அதே மாதம்தான். எதிர்க்கட்சியாக இருந்த திமுக எதிர்த்தது. ஜனங்களுக்கு வந்த எரிச்சல் தொகையைவிட நேரத்தைப் பார்த்து வந்தது என்பது என் கணிப்பு.

அந்த 1,05,000-ல் ‘சம்பளம்’ என்று இருப்பது 30,000தான். மீதியெல்லாம் படி: தொகுதிப் படி, வண்டிப் படி, தொலைபேசிப் படி என்று போகும்.

எம்பிக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டு 1,24,000 சம்பளம். அறிவிப்பு வந்தது 2025 மார்ச்சில். அது போக தொகுதிப் படி 87,000, அலுவலகப் படி 75,000, கூட்டத்துக்குப் போகும் நாளுக்கு 2,500.

இவ்வளவு கொடுத்தால் அரசுக்குக் கட்டுபடியாகுமா?

234 பேருக்கு வருடம் முழுக்கக் கொடுத்தாலும் 30 கோடிக்குக் கொஞ்சம் கீழே. 2021 தேர்தலில் தமிழ்நாட்டு வாக்காளர்கள் 6 கோடிக்கு மேல். ஆளுக்கு வருடம் 5 ரூபாய்கூட வராது. அரை டீ. இதில் கட்டுபடி பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அப்ப அந்தச் சம்பளம் அவர்களுக்குப் போதுமா?

யார் எப்படி நடத்துகிறார் என்பதைப் பொறுத்தது. ஒரு முகூர்த்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். எம்எல்ஏவுக்குக் குறைந்தது பத்துப் பத்திரிகை வந்திருக்கும். ஐந்துக்குத்தான் போவார் என்றாலும் மொய் வைக்காமல் வர முடியாது. வைக்கும் மொய்யும் ஐந்நூறாக இருந்தால், ‘எம்எல்ஏ இவ்வளவுதான் வெச்சார்’ என்று பந்தியிலேயே பேச்சு வந்துவிடும். காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம், கபடிப் போட்டிக்குக் கோப்பை, துக்க வீட்டுக்கு மாலை, கூட வருகிற நாலு பேருக்குச் சாப்பாடு, வண்டிக்கு டீசல். கவுண்டம்பாளையம் மாதிரி நாலு லட்சத்துக்கு மேல் ஓட்டு இருக்கிற தொகுதியில் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் எம்எல்ஏ வேலையா என்றால் இல்லை. சட்டம் இயற்றுவதும் அரசைக் கேள்வி கேட்பதும்தான் வேலை. ஆனால் மொய் வைக்காத எம்எல்ஏவுக்கு நாம் அடுத்த முறை ஓட்டுப் போடுவோமா? இந்தக் கேள்வியை எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் சிரிப்புதான் வரும்.

சம்பளத்தை நல்லா ஏத்திவிட்டால் லஞ்சம் நின்றுவிடும் என்கிறார்களே?

இதைச் சொல்கிறவர்கள் உடனே கையை நீட்டுவது சிங்கப்பூரை. அங்கே அமைச்சர் சம்பளத்தைத் தனியார் துறையின் உச்ச வருமானத்தோடு ஒப்பிட்டு வைக்கும் முறை 1994-லிருந்து இருக்கிறது. 2012-ல் குறைத்த பிறகும் புதிதாக வரும் அமைச்சருக்கு வருடத்துக்கு 11 லட்சம் சிங்கப்பூர் டாலர். அங்கே ஊழல் குறைவு என்பதும் உண்மை. ஆனால் அதே சம்பளம் வாங்கிய அமைச்சர் எஸ். ஈஸ்வரன், பரிசுப் பொருள்கள் வாங்கிய வழக்கில் 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். சம்பளம் அவரைத் தடுக்கவில்லை. விசாரிக்க ஓர் அமைப்பு இருந்தது, அது பிடித்தது.

நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். சட்டமன்ற வேட்பாளர் சட்டப்படி செலவு செய்யக்கூடிய உச்ச வரம்பு 2022 முதல் 40 லட்சம். ஐந்து வருடம் முழுக்க எம்எல்ஏவாக இருந்தால் படியெல்லாம் சேர்த்து வருவது 63 லட்சம். சட்டத்துக்குள் நின்று செலவு செய்து ஜெயித்தவருக்கே வரவில் பெரும்பகுதி முதலுக்குப் போய்விடும். ‘சம்பளம்’ என்ற 30,000-ஐ மட்டும் எடுத்தால் ஐந்து வருடத்துக்கு 18 லட்சம். முதலே தேறாது. கட்சி கொஞ்சம் கொடுக்கும், சரி. ஆனால் 40 லட்சத்தோடு தேர்தல் முடிகிறது என்று நம்பும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

நம் பக்கத்துக்கே ஒரு பெயர் உண்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் கரூர் மாவட்டம் அரவக்குறிச்சியில் பணப் பட்டுவாடா எல்லை மீறிப் போனதால் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. தஞ்சாவூருக்கும் அதே கதி. நவம்பரில் மறுபடி நடத்தினார்கள். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் வாக்காளர்களைப் ‘பட்டி’யில் அடைத்து வைத்துச் சோறும் பணமும் கொடுத்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி என்று நாம் சொல்லிவந்த வார்த்தை மனுசனுக்கு வந்துவிட்டது.

ஒருவர் கோடிகளைப் போட்டு உள்ளே வந்தால், அந்தக் கோடிகளை யார் கொடுத்தாரோ அவர்தான் முதலாளி. நாம் கொடுக்கும் ஒரு லட்சத்தை இரண்டு லட்சமாக்கினாலும் அந்த இடம் நமக்கு வராது. சம்பளம் ஏறினால் லஞ்சம் குறையும் என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். வேறு காரணங்களுக்காகச் சம்பளத்தை ஏற்றலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

அவர்கள் சம்பளத்தை அவர்களே ஏற்றிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

அரசியலமைப்பு அப்படித்தான் வைத்திருக்கிறது. எம்பிகளுக்கு 106-ஆவது பிரிவு, எம்எல்ஏக்களுக்கு 195-ஆவது பிரிவு. சபையே சட்டம் போட்டுத் தன் சம்பளத்தை நிர்ணயிக்கும். எம்பிகள் விஷயத்தில் 2018-ல் ஒரு மாற்றம் வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பணவீக்கக் குறியீட்டுப்படி தானாக ஏறும். 1,00,000 என்பது 1,24,000 ஆனது அப்படித்தான். பிரிட்டனில் இதற்கென்று 2009-ல் தனி அமைப்பே உருவாக்கினார்கள். எம்பிகள் பொய்ச் செலவுக் கணக்குக் காட்டிய விவகாரம் வெடித்த வருடம் அது.

எம்எல்ஏக்களுக்கும் குறியீட்டு முறை வந்தால் நல்லது. கை தூக்கி ஓட்டுப் போட்டுக்கொள்ளும் காட்சியாவது மிச்சமாகும்.

கவுன்சிலருக்கு எவ்வளவு?

யாரும் கேட்காத கேள்வி. இரண்டு வருடத்தில் ஒருவர்தான் கேட்டார். அவரும் கவுன்சிலர்.

2023 ஜூலை வரைக்கும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி உறுப்பினர்களுக்கு மாத மதிப்பூதியமே கிடையாது, கூட்டத்துக்குப் போனால் அமர்வுப்படிதான். அந்த மாதம் முதல் மேயருக்கு 30,000, துணை மேயருக்கு 15,000, மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000. நகராட்சியில் தலைவருக்கு 15,000, உறுப்பினருக்கு 5,000. பேரூராட்சியில் தலைவருக்கு 10,000, உறுப்பினருக்கு 2,500. கிராம ஊராட்சித் தலைவருக்கு 2,000.

கோவையில் 100 வார்டு, திருப்பூரில் 60, ஈரோட்டில் 60. குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை என்றால் நாம் எம்எல்ஏவையா கூப்பிடுகிறோம்? காலை ஆறு மணிக்குக் கவுன்சிலர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிற ஒருவர் கவுன்சிலர் ஆனால், ஷிப்ட்டை விட்டுவிட்டு இந்தப் பத்தாயிரத்தில் குடும்பம் நடத்த முடியாது. ஷிப்ட்டுக்குப் போனால் வார்டைப் பார்க்க முடியாது.

என் பெரியப்பா ஒரு சின்ன ஊராட்சியில் இரண்டு முறை தலைவராக இருந்தார். உள்ளே போகும்போது வீட்டில் நாலு தறி ஓடியது. இறங்கும்போது இரண்டு. மின்மோட்டார் பழுதானால் ஊராட்சிப் பணம் வரும்வரை காத்திருக்க ஜனங்களுக்குப் பொறுமை இருக்காது. இவர் கைக்காசைப் போட்டுவிட்டு பில்லை எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு நடப்பார். சில பில் வந்தது, பல பில் வரவில்லை. ‘ஏனுங் மாமா, அடுத்த தடவையும் நிக்கிறீங்களா?’ என்று யாராவது கேட்டால் பெரியம்மா உள்ளே இருந்து பதில் சொல்லிவிடுவார். அவருக்குப் பின் வந்தவர் ஒப்பந்த வேலை எடுப்பவரின் பங்காளி. அவர் வீட்டில் எதுவும் குறையவில்லை.

சம்பளத்தை ஏற்று என்று நான் சொன்னால் இங்கிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன். மேலே இருப்பவருக்கு ஏற்றும் பத்தாயிரம் அவருடைய டீசலில் கரைந்துவிடும். கீழே ஏற்றினால் தறிக்காரனும் தையல்காரியும் நிற்க முடியும்.

எம்எல்ஏ சொந்தத் தொழில் செய்யலாமா? சட்டத்தில் தடை இல்லையா?

செய்யலாம். மில் நடத்தலாம், கோழிப்பண்ணை வைக்கலாம், ரிக் வண்டி ஓட்டலாம், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ஊசி போடலாம். தடை இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது ‘ஆதாயம் தரும் பதவி’. அரசின் கீழ் ஆதாயம் வரும் பதவியை எம்எல்ஏவோ எம்பியோ வகிக்கக் கூடாது, சட்டம் விலக்களித்த பதவிகள் தவிர. ஜெயா பச்சன் உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கவுன்சில் தலைவராக இருந்ததற்காக 2006-ல் எம்பி பதவியை இழந்தார். பணம் எதுவும் வாங்கவில்லை என்றார். வாங்கியிருக்க வேண்டியதில்லை, வாங்க வழி இருந்தாலே போதும் என்றது உச்ச நீதிமன்றம்.

இரண்டாவது, 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு. தன் தொழில் வழியாக அரசுக்குப் பொருள் கொடுக்கவோ வேலை எடுத்துச் செய்யவோ ஒப்பந்தம் வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது. அதாவது எம்எல்ஏ தன் பெயரில் ரோடு காண்ட்ராக்ட் எடுக்கக் கூடாது. மச்சான் எடுக்கலாம். சட்டத்தில் மச்சான் வரவில்லை.

வக்கீல் எம்எல்ஏ கோர்ட்டுக்குப் போய் வாதாடுகிறாரே, அது சரியா?

முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. அதைக் காட்டி, எம்பி, எம்எல்ஏக்கள் வாதாடுவதைத் தடுக்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்கள் முழுநேர ஊழியர்கள் அல்ல, அரசுக்கும் அவர்களுக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை என்றது.

கணக்குக்காரனுக்கு இது புதிதல்ல. வருமான வரிப் படிவத்தில் எம்எல்ஏ வாங்கும் சம்பளம் ‘சம்பளம்’ என்ற தலைப்பில் வராது. ‘பிற வழி வருமானம்’ என்ற தலைப்பில், வங்கி வட்டி எழுதும் இடத்தில்தான் எழுத வேண்டும். நாம் அதை முழுநேர வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வரிச் சட்டம் அதை வட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது.

கொங்குல முக்கால்வாசிப் பேர் முதலாளிகள்தானே? வசதியானவன் திருட மாட்டான் என்பார்களே?

இந்தப் பேச்சு இங்கே ரொம்பப் பழசு. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த ப. சுப்பராயன் திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோவை மில் குடும்பத்துக்காரர். ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்த பெரியார் மண்டி வியாபாரி. இவர்கள் யாரும் சம்பளத்தை நம்பி வந்தவர்கள் இல்லை. பஞ்சு விலை, நூல் விலை, கரண்ட் வெட்டு பற்றியெல்லாம் சபையில் பேச, அதில் அடிபட்ட ஆள் வேண்டும் என்பதும் உண்மை. பவுல்ட்ரி தீவன விலை ஏறினால் நாமக்கல் என்ன ஆகும் என்று அறிக்கை படித்துத் தெரிந்துகொள்பவரைவிடப் பண்ணை வைத்திருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

தொழில் தெரிந்திருப்பது வேறு, தொழிலுக்காக உட்கார்ந்திருப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைத்தான் யாரும் போடுவதில்லை. நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கே ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நான் எந்த ஆளையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை: ஒரு எம்எல்ஏ சாயப்பட்டறையில் பங்குதாரர் என்று வைத்துக்கொள்வோம். சாயக்கழிவு பற்றி அவர் பேசும்போது தொகுதிக்காகப் பேசுகிறாரா, பட்டறைக்காகப் பேசுகிறாரா? கீழே காங்கேயம் பக்கம் கிணறு கெட்டுப்போன விவசாயிக்கு அது தெரிய வேண்டாமா? பேசக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ‘எனக்கு இதில் பங்கு இருக்கிறது’ என்று முதல் வரியில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

மாநிலங்களவையில் இதற்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். சம்பளம் வரும் இயக்குநர் பதவி, தொடர்ந்து வருமானம் தரும் வேலை, கட்டுப்படுத்தும் அளவு பங்கு, கட்டண ஆலோசனை, தொழில்முறை ஈடுபாடு என்று ஐந்தையும் உறுப்பினர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி ஒன்று ஒவ்வொரு சட்டமன்றத்திலும், மாநகராட்சி மன்றத்திலும் வேண்டும். நோட்டுப் புத்தகச் செலவுதான்.

வசதியானவன் திருட மாட்டான் என்பதற்கு மட்டும் என் தொழில் அனுபவத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை.

வெளிநாட்டில் இரண்டாவது வேலைக்குத் தடை இருக்கிறதா?

அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் வெளியே உழைத்துச் சம்பாதிக்க உச்ச வரம்பு உண்டு. பிரிட்டனில் வேலை பார்க்கலாம், ஆனால் காசு வாங்கிக்கொண்டு அந்தக் கம்பெனிக்காக அரசிடம் பேசக் கூடாது. ஓவன் பாட்டர்சன் என்ற எம்பி இரண்டு கம்பெனிகளுக்கு ஆலோசகராக இருந்துகொண்டு அவற்றுக்காக அதிகாரிகளிடம் பேசினார். 2021-ல் நாடாளுமன்றக் குழு அவரை 30 நாள் இடைநீக்கம் செய்யச் சொன்னது. அவரைக் காப்பாற்ற ஆளுங்கட்சி விதியையே மாற்றப் பார்த்தது, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. அவர் பதவியை விட்டுப் போனார். ஆலோசகர் வேலை பதிவேட்டில் எழுதியிருந்தது. அதனால்தான் கேட்க முடிந்தது.

பொதுச்சேவைக்கு எதுக்குங்க சம்பளம்? அந்தக் காலத்தில் வாங்கினார்களா?

வாங்கினார்கள். 1931 கராச்சி காங்கிரஸ், மாதம் 500 ரூபாய்க்கு மேல் யாருக்கும் அரசு சம்பளம் கூடாது என்று தீர்மானம் போட்டது. 1937-ல் ஆட்சிக்கு வந்த காங்கிரஸ் அமைச்சர்கள் அந்த 500-ஐத்தான் எடுத்துக்கொண்டார்கள். குறைத்துக்கொண்டார்களே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை.

சம்பளமே இல்லாவிட்டால் சொத்துள்ளவன் மட்டும்தான் உள்ளே போவான். பிரிட்டனில் 1911 வரை எம்பிக்குச் சம்பளம் கிடையாது. தொழிலாளர் எம்பிகளுக்குச் சங்கம்தான் படியளந்தது. சங்கப் பணத்தை அரசியலுக்கு எடுக்கக் கூடாது என்று 1909-ல் தீர்ப்பு வந்தது. இரண்டு வருடத்தில் வருடத்துக்கு 400 பவுண்டு என்று அரசு சம்பளம் வைத்தது. நம் பக்கத்தில் கம்யூனிஸ்ட் எம்பிகள் சம்பளத்தைக் கட்சிக்குக் கொடுத்துவிட்டு, கட்சி தரும் அலவன்ஸில் இருப்பது வழக்கம். கோவையும் திருப்பூரும் அப்படிப்பட்ட எம்பிகளைப் பார்த்திருக்கின்றன.

பென்ஷன்?

முன்னாள் எம்எல்ஏவுக்கு 2025 அறிவிப்புப்படி மாதம் 35,000. எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த அரசு ஊழியருக்குப் பழைய ஓய்வூதியத்தை எடுத்த அதே சபைக்காரர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். எம்பி பென்ஷனை எதிர்த்துப் போட்ட வழக்கு 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பஞ்சாபில் 2022-ல் எத்தனை முறை ஜெயித்தாலும் ஒரே பென்ஷன் என்று ஆக்கினார்கள்.

அப்ப சாதாரண ஆள் நிற்கவே முடியாதா?

நிற்க முடிந்த ஒரு தேர்தல் நமக்குப் பக்கத்தில் நடந்தது. 1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகள் தங்கள் குறையைக் காட்ட எடுத்த வழி அது. டெபாசிட் 250 ரூபாய்தான். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டி வந்தது, தேர்தல் தள்ளிப்போனது. அதே வருடம் சட்டமன்ற டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். இப்போது 10,000. ஆயிரம் பேர் நின்றதற்கு அரசு சில மாதத்திலேயே வழி கண்டது. அரவக்குறிச்சிப் பணப் பட்டுவாடாவுக்கு இன்னும் காணவில்லை.

எங்க எம்எல்ஏவுக்கு என்ன தொழில், என்ன வருமானம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேட்புமனுவோடு கொடுத்த படிவம் 26, அதாவது சொத்து, வருமானம் சொல்லும் பிரமாணப் பத்திரம், தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வந்தது இது. 2018 முதல் கணவன் அல்லது மனைவி, சார்ந்திருப்பவர்களின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அரசு ஒப்பந்தம் இருக்கிறதா என்ற கட்டமும் உண்டு. தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘விவசாயம்’ என்று இருக்கும். அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டு மூடிவிடாதீர்கள், விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது அவருக்கும் தெரியும். எத்தனை ஏக்கர் என்று பின்னால் எழுதியிருக்கும். தென்னை என்றால் ஏக்கருக்கு எழுபது மரம் போட்டு, உங்கள் ஊர்க் காய் விலையில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். வருகிற தொகையை அவர் அந்த ஐந்து வருடத்தில் வாங்கியதாகக் காட்டிய நிலம், வண்டி, நகைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் இருபதாம் தேதி தவிர எந்த நாளும் வாங்க, சேர்ந்து கூட்டிப் பார்க்கலாம்.